நாட்டுப்புறக் கல்வியும் ஆசிரியப் பயிற்சியும்

ஒரு தேசத்தின் கல்வி நிலையை அளந்தறியப் புகுவோர் பலர், தலைநகரிலுள்ள சர்வகலாசாலைகளையும், அவற்றின் மாட மாளிகைகளையும், அவற்றினின்று ஆண்டுதோறும் வெளிவரும் பட்டதாரிகளின் தொகையையுமே எண்ணிக் கணக்கிடுகின்றனர். இது கோபுரத்தின் கலசத்தை மட்டும் அண்ணாந்து நோக்கிக் கோயிலின் உறுதியை மதிப்பிடுவது போலாகும். கோபுரத்தைத் தாங்குவது மண்ணுக்குள் மறைந்து கிடக்கும் அடித்தளமன்றோ? கல்விக்கு அடித்தளம் சிற்றூர்களிலுள்ள ஆரம்பப் பாடசாலை. அப்பாடசாலைக்கு உயிர் அதன் உபாத்தியாயர். ஆகவே, அவ்வுபாத்தியாயர் எங்கே, எவரால், எவ்வளவு கவலையோடு ஆக்கப்படுகிறார் என்பதே நாம் முதலிற் கேட்கவேண்டிய கேள்வி. இக்கேள்விக்குத் தமிழ்நாடு சென்ற முந்நூறு ஆண்டுகளாகப் பல விடைகள் கூறிவந்திருக்கிறது. அவற்றை ஒருங்கு வைத்து நோக்குவார்க்கு ஓருண்மை புலனாகும். ஆசிரியரை மலிவாகப் பெற்றுவிடலாம் என்று ஆள்வோரும் ஊராரும் கருதிய காலந்தோறும் நாட்டுப்புறக் கல்வி தளர்ந்தது. ஆசிரியரை ஆக்குதற்குப் பொருளும் பொறுமையும் செலவிட்ட இடந்தோறும் அது தழைத்தது. இவ்வுண்மையை நம் கல்லூரி அன்பர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கற்றார் எல்லாருங் கற்பிக்க வல்லவராவரோ? ஆகார் என்பதே நம் முன்னோர் கண்ட முடிபு. நன்னூலாசிரியராகிய பவணந்தி முனிவர், இலக்கணம் கூறத் தொடங்குமுன் பொதுப்பாயிரத்திலே நல்லாசிரியர் இலக்கணத்தையும், ஆசிரியராகத் தகாதார் இலக்கணத்தையும் வகுத்துரைக்கின்றார். தகாதார்க்கு அவர் கூறும் உவமைகளுள் ஒன்று பருத்திக் குண்டிகை. வாய் குறுகிய கலத்தில் பஞ்சைச் சிறிது சிறிதாக வருந்தித் திணிக்கவேண்டும். எடுக்கும்போதும் அவ்வாறே வருந்தி எடுக்கவேண்டும். உள்ளே பொருள் இருக்கிறது. வெளியே வரமாட்டேன் என்கிறது. பட்டம் பல பெற்றும் பத்துச் சிறுவர்க்குக் கூட்டற்கணக்கை விளங்கவைக்க அறியாதாரை நாம் பார்த்ததில்லையா? அறிதல் ஒரு கலை. அறிவித்தல் மற்றொரு கலை. பின்னதற்கும் பயிற்சி வேண்டும்.

யான் இதனை எழுதும் ஊர் விருத்தாசலம். பழமலைநாதர் கோயிலாலும் மணிமுத்தாற்றாலும் முற்காலத்தில் பெயர் பெற்ற இவ்வூர், இக்காலத்தில் பீங்கான் தொழிலாலும் அறியப்படுகிறது. பொம்மைகளும் சாடிகளும் மின்சாரத்துக்குரிய ஃபியூஸ் கட்டைகளும் இங்கே செய்யப்படுகின்றன. இத்தொழிலைக் கற்பிப்பதற்கென்றே அரசினர் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியும் நடத்துகின்றனர். களிமண்ணை எப்படிக் கரைத்து வடிப்பது, அச்சில் எத்துணை நேரம் வார்த்து வைப்பது, எந்நிழலில் உலர்த்துவது, சூளையின் வெப்பத்தை எப்படிப் படிப்படியாக ஏற்றுவது என்பவற்றையெல்லாம் மாணவர் ஆண்டுக்கணக்கில் பயில்கின்றனர். ஈரம் உலராத கலத்தைச் சூளையில் ஏற்றினால் வெடித்துப்போம் என்பதும், ஒருமுறை சுட்ட கலத்தை மீண்டும் களிமண்ணாக்குதல் இயலாதென்பதும் இங்குள்ள சிறு பிள்ளைக்குந் தெரியும். மண்ணைக் கையாள்வோனுக்கு இத்துணைப் பயிற்சி வேண்டுமென ஒப்புகின்ற உலகம், மக்களின் மனத்தைக் கையாள்வோனுக்கு மட்டும் அது வேண்டுவதில்லை என நெடுங்காலம் கருதிவந்தது வியப்பன்றோ?

நம் நாட்டுத் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் ஆசிரியப் பயிற்சியே இல்லை என்று கூறுதல் பொருந்தாது. மணலில் விரலால் எழுதி, பின் ஓலையில் எழுத்தாணியால் எழுதப் பழகிய மாணாக்கருள் வல்லவன் ஒருவன் சட்டாம்பிள்ளையாவான். அவன் தனக்கு இளையோர்க்குப் பாடஞ் சொல்லிவைத்து, முறைகேட்டு, கணக்கு வாய்பாடுகளை ஒப்புவிக்கச் செய்து, நாளடைவில் உபாத்திமைத் தொழிலின் நுட்பங்களை உணர்வான். தந்தைக்குப்பின் மைந்தனும், ஆசிரியர்க்குப்பின் சட்டாம்பிள்ளையும் பள்ளியை நடத்துதல் வழக்கம். ஆயினும் இம்முறைக்குக் குறைகள் இரண்டு. கண்டதையே காண்பதல்லது புதுவது காணும் வாய்ப்பு அதில் இல்லை. பெண்மக்களும், தாழ்த்தப்பட்டவர்களும் பெரும்பாலும் அத்திண்ணையில் ஏறியதில்லை. ஏறாதார் உபாத்தியாயராதல் எங்ஙனம்?

திண்ணைக்குப் புறம்பே, ஆசிரியரை ஆக்குதற்கென்றே ஒரு சாலை அமைக்கும் எண்ணம் நம் கடற்கரையில் முளைத்தது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு ஐயர், பள்ளிகள் பெருகப் பெருக அவற்றிற்கு ஆசிரியர் கிடையாமை கண்டு, 1716இல் உபாத்தியாயரையும் உபதேசியாரையும் பயிற்றுவதற்கு ஒரு பாடசாலை நிறுவினார். நூறாண்டுக்குப் பின்னர், 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த இரேனியுஸ் ஐயரும் அவ்வழியே சென்றார். மிஷன் சங்கங்கள் சென்ற ஊர்களிலெல்லாம் போதனாமுறைப் பாடசாலைகள் தோன்றியதற்குக் காரணம் சமயத் தொண்டு மட்டுமன்று. பள்ளியைத் திறப்பது எளிது, ஆசிரியரைப் பெறுவது அரிது என்னும் அனுபவமே.

இங்கிருந்து மேனாட்டுக்குச் சென்ற ஒரு முறையின் கதையும் அறியத்தக்கது. சென்னை எழும்பூரில் போர்வீரர்தம் பிள்ளைகளுக்கென இருந்த அநாதை விடுதியின் பொறுப்பை 1789இல் ஏற்ற ஆண்ட்ரு பெல் என்னும் பாதிரியார், தமிழ்ப் பள்ளியொன்றில் சிறுவர்கள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு வியந்து, அதனைத் தம் விடுதியிற் புகுத்த விரும்பினார். ஆங்குள்ள உபாத்தியாயர்கள் அதற்கு இணங்கிலர். உடனே அவர் பிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனைக் கடைவகுப்புக்கு ஆசிரியனாக்கினார். அவன் வெற்றி பெறவே, மூத்த மாணாக்கரைக்கொண்டே இளையோரைப் பயிற்றும் ஏற்பாடு விடுதி முழுதும் பரவிற்று. 1797இல் பெல் இதனை இலண்டனில் நூலாக வெளியிட்டார். ஜோஸப் லங்காஸ்டர் என்பாரும் இதுபோன்ற முறையொன்றை நடத்தினார். ‘சென்னை முறை’ என்ற பெயர் உலகெங்கும் ஒலித்தது. இங்கிலாந்தில் அதன் புகழுக்கு முதற்காரணம் யாது? ஓராசிரியரைக் கொண்டு நூற்றுக்கணக்கான சிறுவர்க்குக் கல்வி தரலாம் என்னும் சிக்கனமே. திண்ணையில் இருபது முப்பது பிள்ளைகளுக்கிடையே ஆசிரியரின் கண்பார்வையில் நடந்த ஒன்றைப் பெருங்கூடத்திற் பரப்பியபோது, உயிர் நீங்கி உருப்போடுதலே எஞ்சிற்று. இக்குறையை உணர்ந்த இங்கிலாந்து, 1846இல் பதின்மூன்று வயது நிரம்பிய மாணவரை ஐந்தாண்டு தலைமையாசிரியரிடம் தொழில் பழகச் செய்து, பின்னர்ப் பயிற்சிக் கல்லூரிக்கு அனுப்பும் ஏற்பாட்டை மேற்கொண்டது. மலிவென்று கொண்ட பொருளைக் கைவிட்டு விலையுள்ள பொருளை நாடியது என்க.

அடுத்து வருவது சர் தாமஸ் மன்றோவின் திட்டம். சென்னை மாகாணத்துக் கவர்னராயிருந்த அவர், 1822இல் ஜில்லாதோறுமுள்ள பள்ளிகளின் கணக்கை எடுக்கும்படி கலெக்டர்களுக்குப் பணித்தார். 1826இல் தொகுத்த கணக்கின்படி, ஒரு கோடியே இருபத்தெட்டு லக்ஷத்துச் சொச்சம் மக்களுக்கு 12,498 பள்ளிகளும், அவற்றில் 1,88,650 மாணாக்கரும் இருந்தனர். எண்ணிக்கையைக் கண்டு மகிழ்ந்து வாளாவிருந்தாரல்லர் அவர். உபாத்தியாயர்கள் மாதம் ஆறு அல்லது ஏழு ரூபாய்க்குமேல் ஈட்டுவதில்லை. அவ்வூதியத்துக்குத் தகுதியுள்ளார் இத்தொழிலுக்கு வாரார் என்று நோயின் மூலத்தையே சுட்டினார். கலெக்டர் ஜில்லாக்களில் நாற்பது பள்ளிகளும், தாசில்களில் முந்நூறு பள்ளிகளும் நிறுவி, அவற்றின் ஆசிரியர்க்கு முறையே மாதம் பதினைந்தும் ஒன்பதும் ரூபாய் சம்பளம் அளித்து, அவர்களைச் சென்னையிலே ஒரு மத்திய பாடசாலையிற் பயிற்றுவித்தல் வேண்டுமென்றார். மொத்தச் செலவு ஆண்டுக்கு 48,000 ரூபாய். ஒரு மாகாணத்தின் வருவாயை நோக்க இத்தொகை எம்மட்டு? எனினும், 1827இல் மன்றோ காலமானார். திட்டத்தைத் தாங்குவார் இலராயினர். தேர்வும் மேற்பார்வையும் தளர்ந்தன. ஒன்பது ரூபாய்க்கு ஒன்பது ரூபாய் உபாத்தியாயரே கிடைத்தனர். மேல்வகுப்பினர்க்கு உயர்தர ஆங்கிலக் கல்வி அளித்தலே முதற்கடமை என்னும் எண்ணம் வலுக்கவே, 1836இல் இப்பள்ளிகள் எடுபட்டன. வேர் பிடிக்குமுன் செடியைப் பிடுங்கி, ‘இம்மண்ணில் இச்செடி வளராது’ என்று தீர்ப்புரைத்த கதை இது.

இருபதாண்டுகள் கழிந்தன. 1854ஆம் ஆண்டுக் கல்விக் கடிதத்திற்குப்பின், 1856இல் சென்னையில் அரசினர் நார்மல் பாடசாலையொன்று தொடங்கினர். அதுவே பின்னர்ச் சைதாப்பேட்டைக்குச் சென்று, ஆசிரியர் கல்லூரியாகப் பெயர் பெற்று விளங்கியது. ஆனால் அதே காலப்பகுதியில், சோதனை உத்தியோகஸ்தர் வரும் நாளில் தேறிய பிள்ளைகளின் தலையை எண்ணி மானியம் அளிக்கும் முறையும் மாகாணத்திற் புகுந்தது. திண்ணைப் பள்ளிகள் பல இதனால் அரசினர் கண்ணுக்குப் புலனாயின என்பது மெய்யே. ஆயின் விளைவு யாது? தேறக்கூடிய பிள்ளையை உபாத்தியாயர் உருப்போடுவித்தார். தேறாதவன் மூலையில் உட்கார்ந்தான். ஒரு கையால் ஆசிரியரைப் பயிற்றி, மறு கையால் அப்பயிற்சி பயன்படாதவாறு தடுத்தல் அறிவுடைமையாகுமா?

பெண்மக்கள் துறையில் நாம் காணும் வரலாறு மனத்துக்கு ஊக்கமளிப்பது. பாளையங்கோட்டையில் சாராள் டக்கர் அம்மையார் பெயரால் எழுந்த ஸ்தாபனம், சிற்றூர்ப் பெண்களை உபாத்தியாயினிகளாக்கி மீண்டும் சிற்றூர்களுக்கே அனுப்பியது. 1895இல் அது கல்லூரியாகவும் வளர்ந்தது. சென்னையில் சகோதரி சுப்பலக்ஷ்மி அம்மாள், தாமே இளமையில் கைம்மை எய்தியவர், 1911இல் பட்டம் பெற்று, இளங்கைம்பெண்களுக்கு இல்லம் அமைத்து, அவர்களை ஆசிரியைகளாக்கினார். 1922இல் தோன்றிய லேடி வில்லிங்டன் பயிற்சிக் கல்லூரியை அவரே தலைமை தாங்கி நடத்தினார். சமூகம் மூலையில் ஒதுக்கி வைத்தோரையே சமூகத்துக்கு ஆசிரியராக்கிய செயல் இது. பயிற்சி என்பது கற்பிக்கும் உபாயத்தை மட்டும் தருவதன்று. தலைநிமிர்ந்து நிற்கும் தகுதியையும் தருவது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இத்தொல்லை நம் நாட்டுக்கே உரியதன்று. ருஷிய தேசத்தில் 1861இல் குடியானவர்கள் அடிமைத்தளை நீங்கினர். 1864இல் மாகாணந்தோறும் ‘ஜெம்ஸ்த்வோ’ என்னும் ஸ்தல ஸ்தாபனங்கள் தோன்றிப் பள்ளிகளைத் திறக்கலாயின. நம் மாகாணத்தில் 1871இல் ஸ்தல நிதிச் சட்டம் வந்து, பின்னர் ஜில்லா, தாலூகா போர்டுகள் பள்ளிகளை நடத்தியது போன்றதே இது. ஆங்கும் பள்ளி முன்னும் ஆசிரியர் பின்னுமாயிற்று; எழுதப் படிக்கத் தெரிந்த எவரையும் ஆசிரியராக்கிய சிற்றூர்கள் பல. உஷீன்ஸ்கி என்னும் பேரறிஞர் 1861இலேயே ஆசிரியர் பயிற்சிச்சாலைக்கு ஒரு திட்டம் வகுத்தார். அச்சாலை பெருநகரத்தில் இருத்தலாகாது. நகரத்து வாழ்வின் சுவை கண்டவன் குக்கிராமத்துக்கு மீளான். ஆதலின் சிற்றூர் சார்ந்த சிறு பட்டணமே அதற்கு ஏற்ற இடம் என்பது அவர் கருத்து. சிம்பிர்ஸ்க் மாகாணத்தில் 1869 முதற்கொண்டு பாடசாலைப் பரிசோதகராயிருந்த இல்யா உல்யானவ், பனியிலும் சேற்றிலும் ஊரூராகச் சென்று பள்ளிகளைக் கண்டவர். பள்ளிகளின் தொகையைப் பெருக்குதல் மட்டும் போதாதென்று உணர்ந்து, 1872இல் பொரேத்ஸ்கோயே என்னும் கிராமத்தில் ஆசிரியர் பயிற்சிச்சாலை தோன்றப் பாடுபட்டார். பிற்காலத்தில் உலகறிந்த லெனினுக்குத் தந்தை இவரே. மைந்தர் புகழில் மறைந்துபோன இத்தந்தையின் தொண்டினை ஆசிரியர் குலம் மறத்தலாகாது.

சுதந்திரத்துக்குப் பின் நம் நாட்டில் நிகழ்ந்தவற்றை விரிக்கிற் பெருகும். காமராஜர் முதல் மந்திரியாயிருந்த 1954 முதல் 1963 வரையிலான காலத்தில் பள்ளியில்லாச் சிற்றூர்களுக்குப் பள்ளி சென்றது. 1956 முதல் மதிய உணவும் சென்றது. 1986ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கைக்குப் பின்னர் மாவட்டந்தோறும் ஆசிரியர் கல்வி பயிற்சி நிறுவனம் என்னும் ஏற்பாடு வந்தது. நம் கடலூர் மாவட்டத்துக்குரியது வடலூரில் அமைந்தது. உஷீன்ஸ்கி வேண்டிய ‘சிறு பட்டணத்துப் பயிற்சிச்சாலை’ இதுவேயன்றோ? பின்னர், இந்நூற்றாண்டின் தொடக்கத்தில், தனியார் பயிற்சிப் பள்ளிகள் ஊர்தோறும் முளைத்தன. சான்றிதழ் மலிந்தது, பயிற்சி மெலிந்தது. வேலைவாய்ப்புக் குறைந்தவுடன் அவற்றுட் பல கதவடைத்தன. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், தகுதியில்லா ஆசிரியர் ஐந்தாண்டுக்குள் தகுதி பெறவேண்டுமென விதித்தது. அது முடியாமற்போகவே 2019 மார்ச்சு வரை தவணை நீண்டது. பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்தபின், 2021இல் ‘இல்லம் தேடிக் கல்வி’ தோன்றிற்று. மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை பெற்ற தன்னார்வலர்கள் தெருத்திண்ணைகளிலும் மரநிழலிலும் பிள்ளைகளைக் கூட்டிவைத்துக் கற்பித்தனர். அவர்தம் அன்பினை யாம் குறைத்துரையோம். வெள்ளத்தின்போது ஓடம் விடுவோரை வாழ்த்துதல் கடனே. ஆனால் ஓடம் இருக்கிறதென்று பாலம் கட்டாதிருத்தல் தகுமா? பெல் பாதிரியாரின் சிறுவனும், மன்றோவின் ஒன்பது ரூபாய் உபாத்தியாயரும் நமக்குக் கற்பித்த பாடத்தை நாம் மறந்தால், அதே பாடத்தை மீண்டும் பெருவிலை கொடுத்துக் கற்கவேண்டிவரும்.

இதற்குச் சிலர் தடை கூறுவர். ‘ஆசிரியத் தன்மை பிறவியிலேயே வருவது, பயிற்சியால் வருவதன்று’ என்பர். பிறவியிலேயே இனிய குரல் பெற்றோர் உண்டு. அவரும் சுருதியும் தாளமும் பயின்றே பாடகராகின்றனர். அன்றியும், இந்நாட்டுக்கு வேண்டுவார் ஒரு நூறு மேதைகள் அல்லர்; லக்ஷக்கணக்கான நல்லாசிரியர்கள். அத்தொகையினரைப் பிறவி தந்துவிடும் என்று காத்திருத்தல் இயலாது. ‘பயிற்சி பெற்றவரிலும் சோம்பர் உளரே’ என்பர் வேறு சிலர். உளர். நம் ஊரில் விரிசல் விட்ட கலத்தைக் கண்டு சூளையே வேண்டாமென்பார் எவருமில்லை. சூட்டின் அளவிலோ, உலர்த்திய பக்குவத்திலோ பிழையைத் தேடுவர். அவ்வாறே நாமும் பயிற்சியின் குறையைத் தேடித் திருத்துதல் வேண்டும்; பயிற்சியையே கைவிடுதல் கூடாது. ‘பணம் எங்கே?’ என்று கேட்போர்க்கு ஒரு வார்த்தை: பயிற்சியில்லா ஆசிரியரிடம் ஐந்தாண்டு இருந்தும் வாசிக்க அறியாது வெளியேறும் பிள்ளைக்குச் செலவிட்ட பணம் எங்கே போயிற்று?

ஆதலின் செய்யத்தக்கன சில உள. முதலாவது, மாவட்டப் பயிற்சி நிறுவனத்தை வெறும் கூட்டம் கூடும் மண்டபமாகவும், சுற்றறிக்கை அனுப்பும் கச்சேரியாகவும் விட்டுவிடாது, நல்லதொரு மாதிரிப் பள்ளியை அதனோடு இணைத்தல் வேண்டும். நீந்தக் கற்போனுக்குக் குளம் எப்படியோ, கற்பிக்கக் கற்போனுக்கு மெய்யான வகுப்பு அப்படி. இரண்டாவது, புதிதாக வேலையேற்ற ஆசிரியரை முதல் ஆண்டிலேயே ஓராசிரியர் பள்ளியில் தனியே விடாது, அனுபவமிக்க மூத்தாசிரியர் ஒருவர்பால் ஒப்புவித்தல் வேண்டும். சட்டாம்பிள்ளை முறையிலிருந்த நன்மை இதுவே. மூன்றாவது, பயிற்றுவோரையும் தகுதி நோக்கித் தெரிந்தெடுத்தல் வேண்டும். சிறுவர் வகுப்பில் ஒருநாளும் நின்றறியாதவர், சிறுவர்க்குக் கற்பிக்கும் முறையைப் பிறர்க்கு உரைப்பது எவ்வாறு? நான்காவது, ஆரம்பப் பள்ளி ஆசிரியர்க்கு நிலையான ஊதியமும், ஊரில் மதிப்பும் குறையாது பார்த்துக்கொள்ளுதல் வேண்டும். முன்னதை அரசு தரும்; பின்னதை நாமன்றோ தரவேண்டும்?

மாணவ நண்பர்களே! உங்களுள் மருத்துவராவோர் உளர், பொறியியல் வல்லுநராவோர் உளர், அயல்நாடு செல்வோர் உளர். அவர்களையெல்லாம் வாழ்த்துகின்றோம். ஆனால், ‘வேறு வேலை கிடையாவிடின் ஆசிரியராகலாம்’ என்னும் சொல் நம் கல்லூரி விடுதிகளில் எத்துணை எளிதாக வழங்குகின்றது! அச்சொல்லை இக்கல்லூரியினின்று ஓட்டுவீர்களாயின், அதுவே பெருந்தொண்டு. உங்கள் வகுப்பில் முதன்மையானோர் சிலரேனும், தாம் பிறந்த தாலூகாவின் ஆரம்பப் பள்ளிக்கு ஆசிரியராகச் செல்லும் நாள் வரட்டும். ஆசிரியப் பெருமக்களே! அத்தகைய மாணவர் ஒருவர் உங்களிடம் வந்து தம் விருப்பத்தைச் சொல்லும்போது, ‘இத்தனை படித்தும் இதற்கா?’ என்று கேளாதிருப்பீர்களாக. பழைய மாணவர்களே! நீங்கள் எழுத்தறிந்த சிற்றூர்ப் பள்ளியை ஆண்டுக்கொருமுறையேனும் சென்று கண்டு, அங்குள்ள ஆசிரியர்க்கு வேண்டுவதென்ன என்று கேளுங்கள்.

சீகன்பால்குவின் பயிற்சிச்சாலைக்குப் பின் முந்நூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. இன்னும் நாம் பள்ளியைத் திறந்துவிட்டு ஆசிரியரைத் தேடுகின்றோம். முதலில் ஆசிரியரை ஆக்குவோம். பள்ளி தானே விளங்கும். நாடும் அதனோடு விளங்கும்.